பெரிய உரைக் கோப்பில் ஒரு வரியை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு மாற்றுதல்: அறிகுறி வழியாகப் பிழை நீக்கம்

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பில் எடுத்த டம்ப் கோப்பை (தரவுத்தளத்தை உரைக் கட்டளைகளாக எழுதிய நகலை) 5.7 பதிப்பில் ஏற்ற முயலும்போது, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியவில்லை என்று 1273 எண் கொண்ட பிழை எழும். 8.0 பதிப்பு இயல்பாகக் கையாளும் 'யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' என்ற கொலேஷன் 5.7 பதிப்பில் கிடையாது. ஆகவே அட்டவணை வரையறைகளை முடிக்கும் 'என்ஜின்' வரிகளில் அப்பெயரை 'யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' என்று மாற்ற வேண்டியிருக்கிறது. கோப்பு சில நூறு கிலோபைட்டாக இருந்தால் எந்த உரைத் திருத்தியிலும் நொடியில் முடியும் வேலை இது. சில ஜிகாபைட் ஆகும்போது திருத்தி திறக்க மறுக்கும், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில் நான்கு வரி நிரல் எழுதிப் பார்த்தால் அதுவும் ஏதாவது ஒரு வகையில் ஏமாற்றும். அவ்வகைகளை, வெளியே தெரியும் அறிகுறியைக் கொண்டு கீழே பிரித்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இயக்குதளத்தைப் பொறுத்தவரை கோப்புக்குள் வரி என்று எதுவும் இல்லை. பைட்டுகளின் நீண்ட தொடர் மட்டுமே இருக்கிறது, அதில் 10 என்ற மதிப்புள்ள பைட்டை நாம் வரியின் முடிவாக எடுத்துக்கொள்கிறோம். நெருக்கமாக ஆட்கள் அமர்ந்துவிட்ட பந்தியின் நடுவில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் கடைசி இலை வரை எல்லோரும் நகர வேண்டும் அல்லவா, அதுபோலப் பழைய வரியைவிட ஒரே ஒரு பைட் நீளமான வரியை இட்டாலும் அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் எழுதியாக வேண்டும். எனவே 'வரியை மாற்றுதல்' என்று நாம் சொல்வது, நடைமுறையில், கோப்பு முழுவதையும் புதிய கோப்பாக நகலெடுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் மட்டும் வேறு பைட்டுகளை எழுதுவதாகும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

அறிகுறி: நிரல் தொடங்கியதும் பிழைச் செய்தியுடன் நின்றுவிடுகிறது

'ரீட்ஃபைல்' கொண்டு கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் நிரல்களில் இது தோன்றும். செய்தி மூன்று விதமாக இருக்கலாம். கோப்பு 2 ஜிகாபைட்டைவிடப் பெரியது என்று கூறினால், நோட்டின் பல பதிப்புகளில் 'ரீட்ஃபைல்' செயற்கூறுக்கே உள்ள வரம்பு அது. 0எக்ஸ்1எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்ஈ8 எழுத்துகளைவிட நீளமான சரத்தை உருவாக்க இயலாது என்று கூறினால், நோட்டுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 இயந்திரம் ஒரு சரத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவை, அதாவது 53,68,70,888 எழுத்துகளை, நிரல் தாண்டிவிட்டது. ஹீப் நினைவகம் (நிரலின் தரவுகள் தங்கும் இடம்) தீர்ந்துவிட்டது என்று கூறினால், சரம் உருவானபின் அதை வரிகளாகப் பிரித்த அணி இடத்தை விழுங்கிவிட்டது.

மூன்றாவது செய்தியைக் கண்டவுடன் பலர் 'மேக்ஸ்-ஓல்டு-ஸ்பேஸ்-சைஸ்' என்ற தேர்வைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது ஹீப்பை மட்டுமே பெரிதாக்கும். சரத்தின் வரம்பை அசைக்காது. ஆகையால் அந்தத் தேர்வுக்கு நேரம் செலவிடாமல், 'கிரியேட்ரீட்ஸ்ட்ரீம்' கொண்டு கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் முறைக்கு மாறுவதே தீர்வு.

அறிகுறி: இயக்கி முடித்ததும் கோப்பு 0 பைட் ஆகிவிட்டது

படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே கோப்பின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். 'கிரியேட்ரைட்ஸ்ட்ரீம்' இயல்பாக 'டபிள்யூ' என்ற முறையில் கோப்பைத் திறக்கும். அம்முறையில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிக்கப்படும். படிக்கும் ஸ்ட்ரீம் தன் முதல் துண்டைக் கேட்கும்போது அங்கே படிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. காப்பு நகல் இருந்தால் அதிலிருந்து மீளுங்கள். இல்லையென்றால் டம்ப்பை மறுபடி எடுக்க வேண்டியதுதான். எழுத வேண்டிய இடம் எப்போதும் வேறொரு தற்காலிகக் கோப்பாகவே இருக்க வேண்டும், வேலை பிழையின்றி முடிந்தபின் அதற்குப் பழைய பெயரைச் சூட்ட வேண்டும். உரையை வரிவரியாகத் திருத்தும் லினக்ஸின் 'செட்' கட்டளைக்கு 'ஐ' என்ற தேர்வைக் கொடுத்தால் அதே இடத்தில் திருத்துவதாகத் தோன்றினாலும், உள்ளே அதுவும் இப்படியே தற்காலிகக் கோப்பை எழுதிப் பெயரை மாற்றுகிறது. ஒரே முறை செய்யும் எளிய மாற்றமாக இருந்தால் அந்தக் கட்டளையே போதும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நிரல் எழுதுவது, நிபந்தனைகள் கூடும்போதுதான் பொருளுடையது.

அறிகுறி: பிழை எதுவும் இல்லை, ஆனால் வரி மாறவே இல்லை

தேடும் வரி கண்ணுக்குத் தெரிந்தபடியே கோப்பில் இருக்கிறது, ஆனாலும் ஒப்பீடு தோற்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இடையில் இருக்கிறது என்று பொருள். அந்த வரியின் முதல் சில பைட்டுகளையும் கடைசி சில பைட்டுகளையும் பஃபராக (எழுத்தாக மாற்றாத மூல பைட்டுகளாக) எடுத்து, பதினறும எண்களாக அச்சிட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை.

கடைசியில் 0டி (பதின்மத்தில் 13) என்ற பைட் இருந்தால், கோப்பு விண்டோஸ் முறைப்படி இரண்டு பைட்டுகளால் வரியை முடிக்கிறது. 10ஐ மட்டும் கொண்டு பிரித்தால் 13 என்ற பைட் வரியின் வாலில் ஒட்டிக்கொண்டு, முழு வரி ஒப்பீட்டைக் கெடுக்கும். ஒப்பிடும்போது மட்டும் அதை விலக்குங்கள், எழுதும்போது திரும்பச் சேர்த்துவிடுங்கள். முதல் வரி மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதன் தலையில் ஈஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது பைட் வரிசைக் குறி, யூடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) என்று குறிப்பிட்டுப் படித்தாலும் நோட் அதை நீக்குவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் 00 தென்பட்டால் கோப்பு யூடிஎஃப்-16இல் உள்ளது. விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் அம்புக்குறி கொண்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் அப்படித்தான் எழுதப்படும். டம்ப்பைப் பவர்ஷெல் வழியாக எடுத்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வது சாதாரணம். இத்தகைய டம்ப்பை மாற்றிச் சரிசெய்ய முனைவதைவிட, டம்ப் கட்டளையின் 'ரிசல்ட்-ஃபைல்' தேர்வைக் கொடுத்து மீண்டும் எடுப்பதே பாதுகாப்பானது.

தேடும் சொல் தமிழாக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், பைட்டுகளோ வேறு. ஒப்பிடும் இரு பக்கத்தையும் 'நார்மலைஸ்' செயற்கூறால் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள். ஆனால் கோப்பில் எழுதும்போது, மாற்றாத வரிகளை என்எஃப்சி ஆக்காமல் இருந்தபடியே விட்டுவிடுங்கள்.

மாற்ற வேண்டிய வரிகள் அடுத்தடுத்து இருக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றுதான் மாறுகிறது என்றால், சுழலுக்கு வெளியே உருவாக்கிய தேடற்கோவையில் (ரெகுலர் எக்ஸ்பிரஷனில்) 'ஜி' என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அக்கொடி உள்ள கோவை, 'டெஸ்ட்' வெற்றி பெற்ற இடத்தை 'லாஸ்ட்இன்டெக்ஸ்' என்ற பண்பில் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியையும் அந்த இடத்திலிருந்தே தேடத் தொடங்கும். கிடைக்காமல் போனபின்தான் பூச்சியத்துக்குத் திரும்பும். வரிக்கு வரி சோதிக்கும் கோவைக்கு அந்தக் கொடியே தேவையில்லை.

வரி எண்ணைக் கொண்டு மாற்றுபவர்களுக்கு ஒரு சொல்: திருத்திகள் 1இலிருந்து எண்ணுகின்றன, அணிகள் 0இலிருந்து எண்ணுகின்றன. இதைச் சரிபார்த்தும் எண் தள்ளிப்போனால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: கேட்ட வரி மாறிவிட்டது, ஆனால் தொடாத இடங்களும் மாறியிருக்கின்றன

உடனே கண்ணில் படாது என்பதால் இந்த அறிகுறியே மிகவும் ஆபத்தானது. டம்ப் பிழையின்றி ஏறிவிடும். சில நாள் கழித்து யாரோ ஒரு பயனர் தன் படம் திறக்கவில்லை என்றோ, பெயரில் கறுப்பு வைரக் குறி தெரிகிறது என்றோ சொல்லும்போதுதான் வெளிப்படும்.

முதற்காரணம் துண்டுகளின் எல்லை. நோட்டின் கோப்பு ஸ்ட்ரீம் இயல்பாக 65,536 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 65,536 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே தமிழ் உரையில் துண்டின் எல்லை ஓர் எழுத்தின் நடுவே விழுவது அரிதான நிகழ்வு அன்று. ஒவ்வொரு துண்டின் மீதும் 'டுஸ்ட்ரிங்' அழைத்தால், பிளவுபட்ட எழுத்தின் இரு பாதிகளும் மாற்றுக் குறிகளாகிவிடும், முன்சொன்ன கறுப்பு வைரக் குறி அதுதான். அதே எல்லை ஒரு வரியின் நடுவிலும் விழும். துண்டைத் தனியாக வரிகளாகப் பிரிக்கும் நிரலில், எல்லையில் அகப்பட்ட வரி இரண்டாகிவிடுவதால் வரி எண்ணும் பிசகும், தேடும் சொல் இரண்டாக முறிந்து தப்பிவிடவும் கூடும்.

இதற்காக, கோப்பை வரிவரியாகத் தரும் 'ரீட்லைன்' தொகுதியைப் பயன்படுத்துமாறு எங்கும் சொல்லப்படுகிறது. எல்லைச் சிக்கலை அது தீர்க்கும் என்பது உண்மை. ஆனால் டம்ப் கோப்புக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து, காரணம் மூன்று. அது வரி முடிவைக் கழற்றிவிட்டுத் தருவதால், முன்பு எந்த முடிவு இருந்தது, கடைசி வரிக்கு முடிவு இருந்ததா இல்லையா என்பவை தெரியாமல் போகின்றன. அண்மைப் பதிப்புகளில் அது 2028, 2029 என்ற பதினறும எண்களைக் கொண்ட யுனிகோட் பிரிப்பான்களையும் வரி முடிவாகக் கருதுகிறது. இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டப்பட்ட உரைகளில் இக்குறிகள் கலந்திருப்பதுண்டு, அவை இருந்த இடத்தில் நாம் சாதாரண வரி முடிவை எழுதிவிடுவோம், அதாவது தரவு மாறிவிடும். மூன்றாவதாக, அது பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று எண்ணி எழுத்துகளாகப் பெயர்க்கிறது. 'ஹெக்ஸ்-பிளாப்' தேர்வு இல்லாமல் எடுத்த டம்ப்பில் படங்களும் பிற இரும உள்ளடக்கமும் மூல பைட்டுகளாகவே இருக்கும். அவை செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 அல்ல என்பதால் பெயர்ப்பில் அழிந்துபோகும், திரும்பப் பெற வழியே இராது.

ஆதலால் பெயர்ப்பைத் தவிர்த்து, பைட்டுகளாகவே கையாளுங்கள். ஸ்ட்ரீமுக்கு எந்தக் குறியேற்றமும் கொடுக்காவிட்டால் துண்டுகள் பஃபராக வரும். ஒவ்வொரு பஃபரிலும் 10 என்ற பைட்டை 'இன்டெக்ஸ்ஆஃப்' கொண்டு தேடுங்கள். அந்த பைட் உட்பட அதுவரையுள்ள பகுதியை ஒரு வரியாக வெட்டிக்கொள்ளுங்கள். துண்டின் முடிவில் எஞ்சும் அரை வரியை ஒரு பட்டியலில் வைத்திருந்து, அடுத்த துண்டில் முடிவு கிடைத்தபின் 'கான்கேட்' கொண்டு ஒன்றாக்குங்கள். டம்ப்பின் 'இன்சர்ட்' வரிகள் ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட் அளவுக்குக்கூட நீளக்கூடும். துண்டு வரும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும் என்பதற்காகவே பட்டியல். வரியின் முடிவு வரியோடு ஒட்டியே பயணிப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய வரியா என்று சோதிப்பதற்கு மட்டும் அதன் தொடக்கத்தை 'லாட்டின்1' குறியேற்றத்தில் சரமாக்கிப் பாருங்கள். அக்குறியேற்றத்தில் ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்து என்பதால் போகும்போதும் வரும்போதும் எதுவும் இழக்கப்படாது. டிஸ்கி, டாப் போன்ற பழைய 8 பிட் தமிழ்க் குறிமுறைகளில் உள்ள கோப்புகளுக்கும் இதே வழி பொருந்தும்.

தொடாத இடம் மாறுவதற்கு இன்னும் எளிய காரணமும் இருக்கலாம்: தேடிய சொல் தரவுக்குள்ளும் இருந்திருக்கும். தரவுத்தளம் பற்றிய கட்டுரைகளைச் சேமித்து வைத்திருக்கும் தளத்தின் டம்ப்பில், கொலேஷன் பெயர் கட்டுரைக்குள்ளேயே வரும். 'இன்சர்ட்' என்று தொடங்கும் வரிகளைத் தொடாமல் விடும்படி நிபந்தனை எழுதுங்கள். அதே வேளையில், கொலேஷன் பெயர் 'என்ஜின்' வரியில் மட்டுமல்லாது நெடுவரிசை வரையறைகளிலும், வியூ, செயல்முறை ஆகியவற்றுக்கு முன்வரும், மாறிகளுக்கு மதிப்பிடும் எஸ்க்யூஎல் 'செட்' வரிகளிலும் இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அறிகுறி: புதிய வரிக்குள் எழுதாத எழுத்துகள் நுழைந்திருக்கின்றன

'ரீப்ளேஸ்' செயற்கூறின் இரண்டாம் மதிப்பில் டாலர் குறி இருந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டு. இரண்டு டாலர் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகிவிடும். டாலரை அடுத்து ஒற்றை மேற்கோள் வந்தால், பொருந்திய பகுதிக்குப் பின்னுள்ள உரை முழுவதும் அவ்விடத்தில் வந்து விழும். எஸ்க்யூஎல்லில் சரங்கள் ஒற்றை மேற்கோளால் முடிவதால், '100$' போன்ற மதிப்பே இதற்குப் போதுமானது. இரண்டாம் மதிப்பாகச் சரத்தைத் தராமல், அச்சரத்தைத் திருப்பித் தரும் சிறு செயற்கூறைக் கொடுங்கள். அப்போது டாலர் வெறும் டாலராகவே இருக்கும்.

அறிகுறி: கோப்பின் தொடக்கமோ இறுதியோ காணவில்லை

தொடக்க வரிகள் காணவில்லை என்றால் பெரும்பாலும் 'ரீட்லைன்' பயன்பாட்டில்தான் தேட வேண்டும். இடைமுகத்தை உருவாக்கியவுடனேயே அது படிக்கத் தொடங்கிவிடும். உருவாக்கத்துக்கும் 'ஃபார் அவெய்ட்' சுழலுக்கும் இடையில் வேறெதற்காவது 'அவெய்ட்' செய்தால், அந்த இடைவெளியில் வந்த வரிகள் கேட்பாரின்றிப் போகும். தற்காலிகக் கோப்பைத் திறப்பது போன்ற காத்திருப்புகளை இடைமுகம் உருவாகும் முன்பே முடித்துவிடுங்கள்.

இறுதி காணவில்லை என்றால், எழுத்து முடியும் முன்பே பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது 'பிராசஸ்.எக்ஸிட்' அழைத்திருப்பீர்கள். 'எண்ட்' அழைத்ததும் எழுத்து முடிந்துவிடுவதில்லை. 'ஃபினிஷ்' நிகழ்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். மின்தடை வாய்ப்புள்ள இடங்களில், பெயர் மாற்றும் முன் கோப்புக் கைப்பிடியின் 'சிங்க்' செயற்கூறையும் அழைப்பது நல்லது. இவற்றுக்கெல்லாம் மேலாக, படித்த பைட்டுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, மூலக் கோப்பின் அளவோடு அது சமமாக இருந்தால் மட்டுமே பெயரை மாற்றுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். ஆனால் பாதியில் அறுந்த நகல், நல்ல மூலத்தின் மேல் ஏறி அமர்வதை அது தடுத்துவிடும்.

அறிகுறி: துண்டாகப் படித்தும் நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது

வட்டு எழுதும் வேகத்தைவிடப் படிக்கும் வேகம் கூடியிருக்கிறது. 'ரைட்' பொய் என்று திருப்பித் தரும்போது 'ட்ரெயின்' நிகழ்வுக்காகக் காத்திருங்கள். அதை நாமே எழுத வேண்டிய தேவையும் இல்லை. வரிகளைத் தரும் ஜெனரேட்டரை 'பைப்லைன்' செயற்கூறுக்குக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், பிழைகளையும் ஒரே இடத்தில் பிடித்துத் தரும்.

அறிகுறி: நகல் சரியாக இருக்கிறது, பெயர் மாற்றும்போது தோல்வி

'ஈஎக்ஸ்டெவ்' என்ற குறியீடு வந்தால், தற்காலிகக் கோப்பும் மூலமும் வெவ்வேறு கோப்பு முறைமைகளில் இருக்கின்றன. இயக்குதளத்தின் தற்காலிக அடைவைப் பயன்படுத்தாமல் மூலக் கோப்பு உள்ள அடைவிலேயே தற்காலிகக் கோப்பை உருவாக்குங்கள். விண்டோஸில் 'ஈபெர்ம்' அல்லது 'ஈபிஸி' வந்தால் யாரோ கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள்; அது உங்கள் நிரலின் மூடப்படாத கைப்பிடியாகவே இருக்கலாம், நச்சுநிரல் தடுப்பானாகவும் இருக்கலாம்.

பெயர் மாற்றம் வெற்றி பெற்றபின் வேறு பயனரால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்றால், புதிய கோப்பு பழையதன் அனுமதிகளைச் சுமந்து வரவில்லை என்று பொருள். 'ஸ்டாட்' மூலம் பழைய அனுமதியை எடுத்து 'சிஹெச்மோட்' மூலம் இடுங்கள். மூலப் பெயர் ஒரு சிம்லிங்க்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பாக) இருந்தால், இணைப்பே அழிந்து அவ்விடத்தில் கோப்பு அமர்ந்துவிடும். முதலில் 'ரியல்பாத்' மூலம் உண்மையான கோப்பின் பாதையைக் கேட்டுப் பெறுங்கள்.

அறிகுறி: நகலெடுக்க வட்டில் இடமே இல்லை

பொதுவாக இதற்கு விடை, இடம் தேடுங்கள் என்பதுதான். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட வேலைக்கு ஒரு விதிவிலக்கு வாய்த்திருக்கிறது. பழைய கொலேஷன் பெயரும் புதிய பெயரும், ரோமன் எழுத்தில் எண்ணினால், இரண்டுமே 18 பைட். நீளம் மாறாதபோது யாரும் நகர வேண்டியதில்லை. இருக்கும் இடத்திலேயே மேலெழுதிவிடலாம்.

கோப்பை 'ஆர்+' முறையில் திறக்க வேண்டும். 'டபிள்யூ' முறை கோப்பைக் காலி செய்துவிடும். 'ஏ' முறையில் லினக்ஸ் நாம் தரும் இடத்தைப் பொருட்படுத்தாமல் கோப்பின் கடைசியிலேயே எழுதும். இடம் என்பது கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணிய பைட் எண். சரத்தின் 'லெங்த்' அதற்கு உதவாது, தமிழ் உரை கலந்த கோப்பில் அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்து காட்டும். முன்கூறிய பஃபர் முறையில் வரிகளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் இடம் சரியாகக் கிடைக்கும். முதல் ஓட்டத்தில் எதையும் எழுதாமல், மாற்ற வேண்டிய இடங்களை மட்டும் வேறொரு சிறு கோப்பில் பட்டியலிடுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் ஒவ்வோர் இடத்திலும் 18 பைட்டைப் படித்து, அது பழைய பெயர்தான் என்று உறுதிசெய்தபின் எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தப் பட்டியலைக் கொண்டு தொடரவோ பின்வாங்கவோ முடியும்.

இந்தக் கொலேஷன் மாற்றத்துக்கே உரிய ஒரு விளைவையும் எதிர்பாருங்கள். பழையது சொல்லின் இறுதியில் உள்ள வெற்றிடங்களைக் கணக்கில் எடுக்கும், புதியது எடுக்காது. ஆகவே வெற்றிடத்தால் மட்டும் வேறுபட்ட இரு மதிப்புகள் தனித்துவக் குறியீட்டில் இருந்தால், ஏற்றும்போது நகல் மதிப்பு என்ற பிழை வரும். அதற்குக் காரணம் உங்கள் நிரல் அன்று.

மேலெழுதியபின் கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. மூலத்தின் நகல் வேறொரு கணினியில் இருந்தால், லினக்ஸின் 'சிஎம்பி' கட்டளையை 'எல்' தேர்வோடு இயக்கிப் பாருங்கள்: வேறுபடும் ஒவ்வொரு பைட்டுக்கும் அது ஒரு வரி அச்சிடும். 'யூனிகோட்' என்று மாற்றியிருந்தால் ஓரிடத்துக்குச் சரியாக 7 பைட் வேறுபடும். அச்சான வரிகளின் எண்ணிக்கை, பட்டியலில் உள்ள இடங்களின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்காக இல்லாவிட்டால் அந்தக் கோப்பை ஏற்ற வேண்டாம்.